வரி மறுப்போரும் வழிநடத்துவோரும்

சென்ற பள்ளி விடுமுறையின்போது என் பழைய மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். இப்பொழுது ஒரு சிறிய கணக்காய்வு நிறுவனத்தில் எழுத்தராக இருக்கின்றார். அமெரிக்கச் சிந்தனையாளர் தோரோவின் கட்டுரையை அண்மையில்தான் படித்து முடித்திருந்தார். படித்த சூடு ஆறுமுன்னரே என்னிடம் ஒரு வினாவைக் கொண்டுவந்துவிட்டார்.

"ஐயா, அநீதியான அரசுக்கு வரி கொடுக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரைச் சான்றோர் என்கிறோம். அதையே ஆயிரம் பேரைத் திரட்டிச் செய்தால் மட்டும் அது எப்படித் தவறாகும்? ஒருவருக்கு அறமாவது ஆயிரவருக்கு ஆகாதா?"

அன்று நான் கூறியது அரைகுறையான விடை. அவரும் மரியாதையின் பொருட்டே தலையசைத்துச் சென்றார் என்பது எனக்குத் தெரியும். வினா என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே எழுதிப் பார்க்கின்றேன்.

வரி என்றதும் தமிழாசிரியராகிய நமக்குப் பிசிராந்தையார் நினைவுக்கு வருவது இயல்பே. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் போதும். யானையே வயலுக்குள் புகுந்தால் வாயால் உண்பதைவிடக் காலால் மிதிபடுவதே மிகுதி என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அவர் எடுத்துரைத்தார். வள்ளுவரும் கொடுங்கோன்மை அதிகாரத்தில், குடிகளிடம் பொருள் கேட்கும் மன்னனை வழிப்பறி செய்வோனுக்கு ஒப்பிட்டார். வகுப்பில் பல ஆண்டுகள் இவற்றை நான் நடத்தியிருக்கின்றேன். மாணவரின் வினாவுக்குப் பின்னர்தான் ஒன்றைக் கவனித்தேன். இவ்விரு புலவரும் பேசுவது மன்னனிடம். எப்படி வாங்க வேண்டும் என்பதைக் கூறினார்கள். கொடுக்க மறுக்கலாமா என்று உழவனிடம் அவர்கள் பேசவில்லை. மறுக்குமாறு உழவர்களைத் திரட்டலாமா என்பது அவர்கள் காலத்து வினாவே அன்று. வரி விதிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரி கொடுப்பவருக்கு வந்த பின்னர்தான் அப்பொறுப்பின் ஒரு பங்கு செங்கோலை விட்டிறங்கி நம் கைக்கு வந்தது. எனவே இவ்வினாவுக்கு உரிய நிலத்திற்கே, அமெரிக்காவிற்கே, சென்று பார்ப்போம்.

முதலில் தோரோ. அடிமை முறையைக் காத்துக்கொண்டும், மெக்சிகோவின் மீது போர் தொடுத்துக்கொண்டும் இருந்த அரசுக்குத் துணைபோக மாட்டேன் என்று அவர் தலைவரி கட்டாதிருந்தார். 1846 சூலையில் மாசசூசெட்சு மாநிலத்துக் கான்கார்டு ஊரில் அவரைச் சிறையில் வைத்தனர். ஓர் இரவுதான். யாரோ ஒருவர் அவருக்காக வரியைக் கட்டிவிட, மறுநாள் காலையில் வெளியே வந்தார். 1849-இல் அக்கட்டுரை அச்சேறியது.

இங்கே மூன்று செய்திகளை நாம் மறந்துவிடுகின்றோம். அவர் மறுத்தது வருமான வரியை அன்று. ஆளுக்கு இவ்வளவு என்று மாநிலம் விதித்த தலைவரியை. எல்லா வரியையும் அவர் மறுக்கவுமில்லை. நல்ல அண்டைவீட்டாராக இருக்க விரும்பிச் சாலை வரியைத் தவறாமல் கட்டிவந்ததாக அவரே எழுதியுள்ளார். மூன்றாவது, அவர் யாரையும் திரட்டவில்லை. ஆயிரம் பேர் வரி கட்டாதிருந்தால் என்ன ஆகும் என்று எழுத்தில் எண்ணிப் பார்த்தார். ஆனால் வீடுவீடாகச் சென்று கையொப்பம் வாங்கவில்லை. அவர் கொடுத்த விலை ஓர் இரவு. அதை அவரே கொடுத்தார். அந்த யாரோ ஒருவரையும் கணக்கில் சேர்த்தால், விலையில் ஒரு பகுதியை அப்பொழுதே வேறொருவர் கொடுத்துவிட்டார் எனலாம்.

வருமான வரியின் இயல்பு வேறு. நிலவரிக்கு அதிகாரி வயலைப் பார்த்தால் போதும். விளைச்சல் கண்ணுக்குத் தெரியும். வருமான வரியிலோ, "நான் இவ்வளவு ஈட்டினேன்" என்று குடிமகன் தானே எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதாவது, அவ்வரி பாதிக்குமேல் வாக்கின்மீதே நிற்கின்றது. அமெரிக்காவில் 1913-இல் அரசியலமைப்பின் 16-ஆம் திருத்தம் அதற்கு வழிசெய்தது. தொடக்க விகிதம் 1 முதல் 7 விழுக்காடு வரையில்தான். மணமாகாதவருக்கு முதல் 3,000 டாலருக்கு வரியே இல்லை. ஆகவே அது செல்வர் சிலரின் வரியாக இருந்தது. இரண்டாம் உலகப் போர் அதைப் பொதுமக்களின் வரியாக்கியது. 1939-இல் ஏறத்தாழ 40 இலட்சமாக இருந்த வரி செலுத்துவோர் தொகை, 1945-இல் 4 கோடியைத் தாண்டியது. இத்துணைப் பேரிடம் ஆண்டு இறுதியில் வாங்குவது அரிதென்று கண்ட அரசு, 1943-இல் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது.

கணக்கு வசதிக்காகச் செய்யப்பட்ட இம்மாற்றம் அறவியலில் எவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்கிவிட்டது! தொழிலாளி கையில் வாங்குவதற்கு முன்னரே வரி போய்விடுகின்றது. அவன் மனச்சான்று என்ன கூறினாலும், மறுப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. மறுக்க இயன்றவர் சொந்தத் தொழில் நடத்துவோர், எழுத்தாளர், கலைஞர், முதலாளிமார். நம் நாட்டிலும் 1995 முதல் மாதச் சம்பளத்திலிருந்து வரி பிடிக்கப்படுகின்றது. என் சம்பளச் சீட்டில் அந்தத் தொகையைக் காண்கின்றேனே அன்றி, அதைக் கையால் தொட்டதில்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை: அச்சம்பளமே பிறர் கட்டும் வரியிலிருந்து வருவது. இவ்வழக்கில் நான் நடுநிலையாளன் அல்லேன்.

சம்பளத்தில் வரி பிடிக்கும் முறையை எதிர்த்து நின்றவருள் விவியன் கெல்லம்சு என்னும் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். கனெக்டிகட் மாநிலத்தில் கம்பிவடப் பிடிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். 1948-இல், "என் தொழிலாளர்களிடமிருந்து அரசுக்காக வரி பிடிக்க மாட்டேன்; நான் கூலியில்லா வரித் தண்டலாளர் அல்லேன்; என்மீது வழக்குத் தொடுங்கள்" என்னும் பொருள்பட வெளிப்படையாக அறிவித்தார். அரசு வழக்குத் தொடுக்கவில்லை. அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டது. பின்னர் அவரே வழக்காடி அதில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். ஆனால் அவர் எழுப்ப விரும்பிய அரசியலமைப்பு வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. அவருடைய அரசியல் கருத்துகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. எனினும் ஒன்று என்னைத் தலைவணங்கச் செய்கின்றது. அவருடைய தொழிலாளர்கள் தங்கள் வரியைத் தாங்களே கட்டினர். சண்டை அவருக்கும் அரசுக்கும் இடையே மட்டும் இருந்தது. அவர்கள் எவரும் அதில் அடிபடவில்லை.

போரின்பொருட்டு வரி மறுத்தோர் வரிசை இன்னும் பழையது. 1755-இலேயே பென்சில்வேனியாவில் ஜான் வுல்மன் முதலிய குவேக்கர் சமயத்தார், போருக்குச் செல்லும் வரியைக் கொடுக்க மனம் இடங்கொடாமையை எழுத்தில் தெரிவித்தனர். வியட்நாம் போர்க் காலத்தில் அவ்வுணர்வு மீண்டும் எழுந்தது. பாடகி ஜோன் பேயசு, 1964-இல் தம் வருமான வரியில் 60 விழுக்காட்டைக் கொடுக்க மறுத்தார். படைச் செலவுக்குப் போகும் பங்கு என்று அவர் கணக்கிட்ட தொகை அது. 1968 சனவரியில் 440-க்கு மேற்பட்ட எழுத்தாளரும் இதழாசிரியரும் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் முழுப்பக்க அறிவிப்பு வெளியிட்டனர்; போருக்காக முன்மொழியப்பட்டிருந்த 10 விழுக்காட்டுக் கூடுதல் வரியைக் கட்ட மாட்டோம் என்பது அதன் சாரம். அவர்களுள் பலர் அப்போது கட்டிவந்த வரியிலும் 23 விழுக்காட்டை நிறுத்தி வைப்பதாக உறுதி கூறினர்.

நம் மாணவர் கேட்ட 'திரட்டுதல்' இதுதான். இதில் நான் குறைகாண முயன்றேன், எளிதில் கிடைக்கவில்லை. கையொப்பமிட்டோர் அனைவரும் கற்றவர். செய்வது சட்டத்திற்கு மாறானது என்பதை அறிந்தவர். தம் பெயரை மறைக்காதவர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இருப்பினும் அதன் கணக்கை மட்டும் சற்று ஆராய வேண்டும். 23 விழுக்காட்டை நிறுத்தியவர் எஞ்சிய 77-ஐக் கட்டினார். அரசின் கருவூலம் ஒரே பானை. அந்த 77-இலிருந்தும் போருக்குப் பங்கு போகும். பிறகு நிறுத்திய தொகையையும் வட்டியும் தண்டமும் சேர்த்து அரசு வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்படியாயின் போருக்குச் சென்ற பணம் கூடிற்றே அன்றிக் குறையவில்லை! இதை அறியாமலா செய்தார்கள்? அறிந்தே செய்தார்கள் என்று நினைக்கின்றேன். அவர்கள் தடுக்க முயன்றது பணத்தையன்று. தம் பெயரால் நடக்கும் செயலுக்குத் தம் மௌனம் சான்றாகிவிடுவதைத்தான் அவர்கள் தடுத்தார்கள். நிறுத்திய பணத்தைத் தம் பையில் வைத்துக்கொள்ளாமல் பொதுநலப் பணிகளுக்கு வழங்கியோரும் இவ்வழியில் வந்தோருள் உண்டு. மறுப்பவன் அம்மறுப்பினால் செல்வனாகவில்லை என்பது அவன் சொல்லுக்கு எவ்வளவு எடையைக் கொடுக்கின்றது!

இவர்களின் மனச்சான்றுக்குச் சட்டத்திலேயே இடம் தேடும் முயற்சியும் நடந்தது. போரை ஏற்காதவர் கட்டும் வரியைப் படையல்லாத பணிகளுக்கே ஒதுக்க வேண்டும் என்னும் மசோதாவை 1972-இல் ரான் டெலம்சு அமெரிக்கப் பேராயத்தில் கொண்டுவந்தார். பின்னர்ப் பலமுறை வந்தும் அது சட்டமாகவில்லை. 1982-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இதற்கான காரணத்தைத் தெளிவாகக் கூறியது. லீ என்னும் ஆமிஷ் சமயத்தார், முதியோரைக் காப்பது தம் சமயத்தாரின் கடமை என்று கருதி, தம் பணியாளர்களுக்குரிய சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்ட மறுத்திருந்தார். அவருடைய நம்பிக்கை நேர்மையானது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் வரிப் பணம் செலவாகும் வழி தம் சமயத்திற்கு ஒவ்வாது என்று ஒவ்வொரு பிரிவினரும் கூறினால் வரி முறையே நடைபெறாது என்று தீர்ப்பளித்தது. போரைப் பாவமென்று கருதுவோரும் அவ்வாறே தம் பங்கைக் கழிக்கக் கேட்பர் என்பதையும் எடுத்துக்காட்டியது. தீர்ப்பு கடுமையானதுதான். ஆனால் ஒரு பள்ளியின் கணக்கைப் பார்த்துவந்தவன் என்ற முறையில் அதன் நியாயம் எனக்குப் புரிகின்றது. என் பிள்ளை விளையாட மாட்டான், ஆகவே விளையாட்டுத் திடலுக்குரிய பங்கைத் தர மாட்டேன் என்று பெற்றோர் ஒவ்வொருவரும் கூறத் தொடங்கினால் திடலும் இராது, நூலகமும் இராது.

இதுவரை கண்டோர் மதிப்பிற்குரியவர்கள். அதே நாட்டில் இன்னொரு கூட்டமும் இயங்கியது. இவர்கள் வரி அநீதியானது என்று சொல்லவில்லை. அப்படி ஒரு சட்டமே இல்லை என்றார்கள். சம்பளம் வருமானம் ஆகாது. வரி கட்டுவது விருப்பத்தைப் பொறுத்தது. ஆதலால் படிவத்தில் சுழியம் என்று எழுதினால் போதும்! இர்வின் சிஃப் என்பவர் இக்கருத்தைப் பரப்பி நூல்கள் எழுதினார், கூட்டங்கள் நடத்தினார். நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் இவ்வாதங்களைத் தள்ளிவிட்டன. 2005-இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 12 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை பெற்றார். அவரோடு பணிசெய்த இருவரும் தண்டிக்கப்பட்டனர். 2015-இல், 87-ஆம் அகவையில், காவலில் இருந்தபடியே இறந்தார். தம் கொள்கைக்காகச் சிறையில் மாண்டவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் தாம் சொன்னதை நம்பியிருக்கக் கூடும். என் கவலை அவரைப் பற்றியதன்று. முன் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தவர்களைப் பற்றியது.

அத்தகைய ஒருவரின் வழக்கு 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அவர் ஒரு விமானி. வரி எதிர்ப்புக் குழு ஒன்றின் கூட்டங்களுக்குச் சென்றார். வழக்கறிஞர் என்போர் அங்குப் பேசக் கேட்டார். சம்பளம் வருமானமன்று என்று நம்பினார். படிவம் அனுப்புவதை நிறுத்தினார். ஒருவர் சட்டத்தைத் தவறாகவே புரிந்துகொண்டிருந்தாலும், அந்த நம்பிக்கை உண்மையானதாயின், வேண்டுமென்றே குற்றம் செய்தவர் ஆகார் என்று நீதிமன்றம் ஒரு வாயிலைத் திறந்தது. ஆனால் மறு விசாரணையில் நடுவர் குழுவினர் அவரை நம்பவில்லை. அவர் சிறை சென்றார். வானூர்தியை மேலேற்றவும் இறக்கவும் தெரிந்த அறிவாளி அவர். அக்கூட்டங்களில் அவருக்குச் சொல்லப்பட்டது, "இதில் இடரில்லை" என்பதே. தோரோ அப்படிச் சொல்லவில்லை. கையொப்பமிட்ட எழுத்தாளர்களும் சொல்லவில்லை. வரி மறுப்பில் இடரில்லை என்று ஒரு தலைவர் சொல்லும் அந்த இடத்தில்தான், என் எண்ணத்தில், அறம் முறிகின்றது.

அப்படியானால் திரட்டவே கூடாதா? இங்கே பர்தோலியை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கு மறுக்கப்பட்டது நிலவரிதான். எனினும் தோரோவைப் படித்த காந்தியடிகளின் வழியில் நடந்ததால் அது நம் வினாவுக்கு நெருங்கிய உறவுடையது. 1922-இலேயே பர்தோலியில் வரி மறுப்பைத் தொடங்க எல்லாம் ஆயத்தமாயிருந்தன. சௌரி சௌராவில் கூட்டத்தினர் காவலர்களைக் கொன்ற செய்தி வந்ததும் காந்தியடிகள் இயக்கத்தையே நிறுத்தினார். தோழர்கள் மனம் நொந்தனர். திரட்டத் தெரிந்தவர் பலர். திரட்டிய பின் நிறுத்தத் துணிந்தவர் எத்தனை பேர்?

பின்பு 1928-இல் பர்தோலியில் நிலவரி 22 விழுக்காடு உயர்த்தப்பட்டபோது, வல்லபாய் பட்டேல் இயக்கத்தை ஏற்றார். ஏற்குமுன் உழவர்களை அழைத்து, நிலம் போகும், மாடு போகும், ஏல முரசு உங்கள் வாயிலில் ஒலிக்கும். இதற்கு ஆயத்தமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வரியே கூடாது என்று அவர்கள் கோரவில்லை. நடுநிலையான விசாரணையைக் கோரினர். அவ்விசாரணை நடந்தது, உயர்வு 6.03 விழுக்காடுதான் தகும் என்று முடிவாயிற்று. அவ்வரியை விதித்தோரை வாக்கால் அகற்றும் வழி அவ்வுழவர்களுக்கு இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். வழி இருந்த இடத்தில் வாக்குச் சீட்டே போதுமானதாக இருந்ததற்குக் கலிபோர்னியா மக்கள் 1978-இல் சொத்து வரியைக் குறைத்துக்கொண்டது சான்று. (அதற்குப் பின் அங்கே முதலில் குறைந்தவற்றுள் பள்ளிகளின் கோடை வகுப்புகளும் நூலகங்கள் திறந்திருக்கும் நேரமும் அடங்கும். இதை ஆசிரியர் என்ற முறையில் கசப்போடுதான் எழுதுகின்றேன்.)

பர்தோலியிலும் ஒரு கறை உண்டு, மறைப்பது நன்றன்று. அஞ்சி வரி கட்டியவர்களை ஊரார் விலக்கி வைத்தனர். தன் மனச்சான்றின்படி நடக்க உரிமை வேண்டும் என்று எழுந்த இயக்கம், அஞ்சியவனின் மனத்திற்கு அவ்வுரிமையைத் தரவில்லை. திரட்டுதலின் இயல்பே அதுதானோ என்னவோ. தனி ஒருவர் மறுக்கும்போது அடுத்த வீட்டுக்காரர் அஞ்சலாம். அது அவர் விருப்பம். இயக்கமாகிவிட்டாலோ அவருடைய அச்சம் துரோகமாகிவிடுகின்றது.

இதையெல்லாம் நூலில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை எனக்கு இருந்ததில்லை. மாணவரிடம் அன்று சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகின்றேன். 1990-களில் நான் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது, விடுதியில் உணவு மிக மோசம். சோற்றில் கல், குழம்பில் நீர். மேலிடத்தில் இருமுறை முறையிட்டோம்; பயனில்லை. பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவன் நான். ஓரிரவு கட்டிலின்மேல் ஏறி நின்று பேசினேன். உணவுக் கட்டணத்தை யாரும் கட்டுவதில்லை என்று 40 பேர் உறுதி செய்தோம். தோரோவின் பெயரையும் அன்று சொன்னதாக நினைவு.

குத்தகைக்காரர் சமையலை நிறுத்தினார். எனக்கு வீட்டிலிருந்து பணம் வந்தது. வெளியே கடையில் சாப்பிட்டேன். உதவித்தொகையைத் தோட்டத்திலிருந்த பெற்றோருக்கு அனுப்பிவந்த நண்பர்கள் சிலர், இரவில் ரொட்டியும் தேநீருமாகக் காலம் தள்ளினர். அவர்களுள் ஒருவர் மூன்றாம் வாரத்தில் யாருக்கும் தெரியாமல் கட்டணத்தைக் கட்டிவிட்டார். அவரோடு நாங்கள் பேசுவதை நிறுத்தினோம். பேச வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நானே. ஆறாம் வாரத்தில் உணவு திருந்தியது, எங்களுக்கு வெற்றி. ஆனால் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவிய அம்மையாரைக் காணவில்லை. வருவாய் நின்றதும் குத்தகைக்காரர் முதலில் நிறுத்தியது அவரைத்தான் என்று பிறகு தெரிந்தது. எங்கள் கணக்கில் அவர் வரவேயில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. 'அக்கா' என்றே அழைத்துவந்தோம்.

அண்மையில் மாணவர் மறுபடியும் வந்தபோது இதைச் சொன்னேன். நெடுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "ஐயா, தனியாகக் கட்டணம் கட்டினாரே, அந்த நண்பரோடு பிறகு பேசினீர்களா?" என்று கேட்டார்.

"பேசினேன், தம்பி. பயிற்சி முடிந்து 11 ஆண்டுகள் கழித்து, ஓர் ஆசிரியர் பட்டறையில்."

"என்ன சொன்னார்?"

"சாப்பிட்டாயா என்று கேட்டார்."